மெஷின் இருக்குதுங்க, பேப்பர்தான் இல்லீங்க
கொங்கு வட்டாரத் தொழிலதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் மில்லும் பனியன் கம்பெனியும் அறக்கட்டளையும் நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கமுங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக இதே நாற்காலி. சனிக்கிழமை ஆனால் பட்டுவாடா, மாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சலான். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்திருக்காது, அது இந்த மடலுக்குத் தேவையும் இல்லை.

சமீபத்தில் ஒரு கூட்டத்துக்கு முதலாளியின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாட்டின் சுகாதாரத்தை அரசே முழுக்கச் சுமக்க முடியாது, தனியார் முதலீடும் வர வேண்டும், அதற்குக் கொங்கு மண்டலம் வழிகாட்ட வேண்டும் என்று மேடையில் பேசினார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் பேசியவர்கள் எல்லோரும் எத்தனை படுக்கை, எத்தனை ஸ்கேன் மெஷின் என்றே பேசினார்கள். கணக்கு எழுதுகிறவன் புத்தி வேறு பக்கம் போகும். மெஷின் வாங்குவது ஒரு நாள் செலவு, அதை ஓட்டுவது அன்றாடச் செலவு. அந்த அன்றாடச் செலவை யார் பற்றில் எழுதுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. போன வருஷம் பொங்கல் லீவுக்கு ஊரில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அய்யனுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெஞ்சு வலி. வயது 66. வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்திருக்கிறார், யாரையும் எழுப்பாமல். அந்த அரை மணி எங்கள் கணக்கில்தான் சேரும். சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்த பிறகு அம்மா சத்தம் போட்டாள். 108 வர இருபது நிமிஷம் ஆகும் என்றதும் பொறுமை இல்லாமல் பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் காரில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ் அம்மணி. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அய்யனின் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஒரு டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எண்ணி அவர் உள்ளங்கையில் போட்டார். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. மொத்தம் 14. 2023இல் அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று பட்டால் முதலில் கொடுக்கிற மாத்திரைகள் அவை. கடையில் வாங்கினாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நடு ராத்திரியில் ஒரு கிராமத்து நர்ஸின் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தது பெரிய விஷயம். அரசைத் திட்டுவதற்காக இந்த மடலை எழுதவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அடுத்து இ.சி.ஜி. மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல மெஷின். பக்கவாட்டில் ஒரு கம்பெனியின் பெயரும் 'அன்பளிப்பு' என்ற வார்த்தையும் பெரிய எழுத்தில். நெஞ்சிலும் கை காலிலும் ஒயரை மாட்டி பட்டனை அழுத்தினார். மெஷின் 'கீ' என்று கத்தியது.

"மெஷின் இருக்குதுங்க, பேப்பர்தான் இல்லீங்க. இண்டென்ட் எழுதிக் கேட்டு ஒரு மாசமாச்சு."

குட்டித் திரையில் ஒரு பச்சைக் கோடு மட்டும் ஓடியது. பன்னிரண்டு கோடும் தாளில் விழுந்தால்தான் அதைப் படம் பிடித்துப் பெரிய டாக்டருக்கு அனுப்பி, இது மாரடைப்பா, எந்தப் பக்கத்து ரத்தக்குழாய் என்று கேட்க முடியுமாம். சரி என்று காங்கேயத்தில் ஒரு நர்சிங் ஹோமைத் தட்டி எழுப்பி, அங்கே ஆள் வந்து இ.சி.ஜி. எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் போனது. அங்கிருந்து பல்லடம், சூலூர், சிங்காநல்லூர். கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஐந்து மணிக்குக் கவுண்டரில் ஒரு லட்சம் கட்டச் சொன்னார்கள். என் கார்டில் அறுபதாயிரம்தான் போனது, மச்சான் போனில் மீதியை அனுப்பும் வரை ஸ்ட்ரெச்சர் வராந்தாவில் நின்றது. அதன் பிறகு நடந்த வைத்தியத்தைக் குறை சொல்லமாட்டேன். ஸ்டென்ட் வைத்தார்கள், ஆள் பிழைத்தார். பில் 2,86,000 ரூபாய்.

டிஸ்சார்ஜ் தாளில் 'ஈ.எஃப். 35 சதவீதம்' என்று போட்டிருந்தது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு அது. நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்குமாம். இப்போது அய்யன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதோடு சரி, கிணற்று மேடு ஏறுவதில்லை. அந்த இருபது புள்ளியில் திண்ணையில் போன அரை மணிக்கு எத்தனை, காங்கேயத்தில் போன முக்கால் மணிக்கு எத்தனை என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லமாட்டார். நானும் கேட்கவில்லை. பேப்பர் ரோலின் விலையை மட்டும் விசாரித்தேன். இருநூறு ரூபாய்க்கும் கீழே.

அந்த மெஷினைக் கொடுத்தவர் உங்களில் ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் வந்து, போட்டோ எடுத்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு போயிருப்பார். பேப்பர் தீர்ந்து போகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய கம்பெனியில் ஒரு மெஷின் ஊசி இல்லாமல் ஒரு மாதம் நிற்குமா? அரை ஷிப்ட் நின்றால் மெக்கானிக்கின் பாடு என்னாகும் என்று எனக்குத் தெரியும்.

நம் ஊருக்குத் தருமம் புதிதல்ல. பீளமேட்டு பி.எஸ்.ஜி. குடும்பத்தின் பாகப்பிரிவினை உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். 1926இல் கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. பள்ளிக்கூடம், கல்லூரி என்று வளர்ந்து பின்னாளில் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியுமாக அது நிற்கிறது. லட்சுமி மில் குடும்பம் 1952இல் தொடங்கிய குப்புசாமி நாயுடு ஆஸ்பத்திரியும் அந்த வழியில் வந்ததுதான்.

ஐந்தாவது பங்கு என்பதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கணக்குக்காரன் கண்ணுக்கு அது நன்கொடை இல்லை, பங்கு. நன்கொடை ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது. பங்கு என்றால் வருஷா வருஷம் வருமானம் வரும், அதற்குத் தனிப் பேரேடு இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்கும். கம்பெனிச் சட்டம் 2013இல் வந்த பிறகு, 5 கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் ஐந்தில் ஒரு பங்கு, இன்றைக்கு ஐம்பதில் ஒரு பங்கு. அதையும் மார்ச் கடைசி வாரத்தில் எங்கே கொட்டுவது என்று தேடுகிறார்கள். அந்த அவசரத்தில் வாங்க முடிவது மெஷின்தான். சம்பளமும் பேப்பரும் மார்ச்சில் மொத்தமாக வாங்குகிற சாமான் இல்லையே.

நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலீடு, முதலீடு என்று பேசுகிறோம். பொதுவும் தனியாரும் சேர்ந்து போடும் முதலீடு நம் சம்பளப் பட்டியலில் எப்போதோ தொடங்கிவிட்டது. அதன் பெயர் இ.எஸ்.ஐ. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 பைசா. உங்கள் பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 பைசா. ஆக மாதம் 600 ரூபாய். நூறு பேர் உள்ள கம்பெனி வருஷத்துக்கு 7,20,000 ரூபாய் போடுகிறது. இது உங்களுக்குச் செலவாகத் தெரிகிறது. எனக்கு இது ஆஸ்பத்திரியின் செங்கல்லாகத் தெரிகிறது.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கொரோனா வந்த புதிதில் கோவை, திருப்பூர், நீலகிரி நோயாளிகளை எங்கே கொண்டு போனார்கள்? சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு. அடுத்த வருஷம் மே மாதம் முதலமைச்சர் கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போனதும் அங்கேதான். பஞ்சாலைத் தொழிலாளியும் பனியன் தொழிலாளியும் மாதாமாதம் கொடுத்த சில்லறையை நம்பி வளர்ந்த இடம் அது. அன்றைக்கு முதலாளி வீட்டு நோயாளிகளும் அங்கே படுத்தார்கள். அய்யனைக் கொண்டுபோன ராத்திரி, சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் ரோட்டில் திரும்பி அந்த வாசலைத் தாண்டித்தான் போனோம். இருபத்திரண்டு வருஷம் ஊராருக்குச் சலான் கட்டியவன், என் சம்பளம் 21,000 வரம்பைத் தாண்டியதால் உள்ளே போக வழியில்லை. அந்த வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அரிசி விலை அப்படியே நின்றதா?

இப்போது கோபித்துக்கொள்ளும் விஷயம். எத்தனை கம்பெனியில் உள்ளே வேலை செய்கிற ஆளும் சலானில் இருக்கிற ஆளும் ஒன்று? காண்ட்ராக்ட்காரர் ஆள், பீஸ் ரேட் ஆள், 'இன்னும் ஒரு மாசம் பார்த்துட்டுச் சேர்த்துக்கலாம்' ஆள் என்று எத்தனை பெயர் வெளியே நிற்கிறது? ஒடிசாவிலிருந்து வந்து செக்கிங்கில் நிற்கிற பெண்ணுக்கு இங்கே குடும்ப அட்டை இல்லை, முதல்வர் காப்பீட்டு அட்டையும் கையில் இல்லை. அவள் பெரிதும் நம்பியிருப்பது அந்த இ.எஸ்.ஐ. நம்பரைத்தான். அரையாண்டில் 78 நாள் சந்தா இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை. சீசன் முடிந்து 70 நாளில் கணக்கை நிறுத்தினால் எட்டு நாள் குறைவால் அவள் உரிமை போகிறது. இதையெல்லாம் எழுதிய கை என்னுடையதும்தான், ஒத்துக்கொள்கிறேன். புது ஆஸ்பத்திரிக்கு ஒரு கோடி அறிவிக்கும் முன் இந்தப் பட்டியலை நேர் செய்தாலே போதும், அது பெரிய முதலீடு.

நாட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2013-14இல் மருத்துவத்துக்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 64 ரூபாய் மக்களின் கைக்காசு. 2021-22இல் அது 39 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் பொது மருத்துவச் செலவை 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது, 2021-22இல் அது 1.84ல்தான் நின்றது. ஆக, உங்கள் பணம் வருகிறதே என்று அரசு தன் பையை மூடிக்கொள்ளக் கூடாது. மனு கொடுக்கச் சென்னைக்கும் டெல்லிக்கும் போகிறீர்களே, நூல் விலை, மின்கட்டணம், ஜி.எஸ்.டி. பாக்கி என்று. அந்த மனுவில் ஒரு வரி இதற்கும் இருக்கட்டும். 21,000 வரம்புக்கும் ஒரு வரி.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2009இல் தொடங்கி, இன்றைக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை வந்திருக்கிறது. அரசுப் பணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிறது. எத்தனையோ பேர் கண்ணாரப் பார்த்த பலன். ஆனால் அது படுத்த பிறகு வருகிற பணம். படுக்காமல் இருக்க வேண்டிய பிரஷர் மாத்திரைக்கு அது வராது. வருஷ வருமானம் 1,20,000 தாண்டினால் அட்டையும் இல்லை. ஏழு ஏக்கர் மானாவாரியும் என் சம்பளமும் சேர்ந்து எங்கள் வீடு அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. இரண்டு வரம்புக்கும் மேலே, பணக்காரனுக்குக் கீழே. நம்மூர்ச் சூப்பர்வைசர், கணக்குப்பிள்ளை, நான்கு தறி போட்டவர் எல்லோரும் நிற்கிற இடம் அதுதான்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. இருப்பதைக் கோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பார்த்த உதாரணம் உண்டு. 2012க்கும் 2014க்கும் நடுவில் தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களில் மாரடைப்புக்கு ஒரு வலைப்பின்னல் அமைத்துப் பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் சின்ன ஆஸ்பத்திரியும் இ.சி.ஜி. எடுத்து அனுப்பும், ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை அங்கேயே போடும், ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும், காப்பீட்டுத் திட்டம் பில்லைப் பார்த்துக்கொள்ளும். அரசும் தனியாரும் கலந்த ஏற்பாடு. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2. புதிதாகப் போட்டது பெரும்பாலும் ஒயரும் போனும் பயிற்சியும்தான். அய்யனின் ராத்திரியில் அந்தச் சங்கிலியின் பல கண்ணிகள் இருந்தன, பேப்பர் ரோல்தான் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்குச் சேர்ந்து செய்யவும் தெரியும். திருப்பூர் அரசு மருத்துவமனை வளாகத்தில் புற்றுநோய் மையத்துக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்ப் பணத்தையும் அரசுப் பணத்தையும் சேர்த்தது நீங்கள்தானே. பெருந்துறை சானடோரியம் இருந்த இடத்தில் வந்த மருத்துவக் கல்லூரி, அரசு எடுத்துக்கொள்ளும் வரை போக்குவரத்துத் துறையின் நிறுவனம் நடத்தியது. பஸ் ஓட்டுகிறவர்களின் துறை மருத்துவக் கல்லூரி நடத்தியது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அதே கைகளால் இதையும் செய்யுங்கள். ஒரு கம்பெனி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தை ஐந்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். பெயர்ப் பலகை வைத்தாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது, அதற்கு வங்கிக் கணக்கும் இருக்கிறது. மாதம் ஒரு சின்னத் தொகை அதில் விழட்டும். பேப்பர் ரோல், ஜெல், பேட்டரி, யு.பி.எஸ்., இரவில் வாசல் விளக்கு, நர்ஸ் தங்கும் அறைக்குத் தாழ்ப்பாள். இந்த மாதிரிச் சாமானுக்குத்தான். மருந்தை அரசே வாங்கட்டும், அதில் நாம் தலையிட வேண்டாம். 1990களில் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மொத்தக் கொள்முதலில் மாநிலம் முழுக்க மாத்திரை அனுப்பிக் காட்டியவர்கள் அவர்கள். உங்கள் பர்ச்சேஸ் மேனேஜரை மாதம் ஒரு நாள் அந்த ஸ்டோர் ரூமுக்கு அனுப்புங்கள். எந்தச் சாமான் எத்தனை நாளில் தீரும் என்று கணக்குப் போடுவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லேபிளும் ஜிப்பும் தீருவதற்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் போடுகிற புத்தி, சுகாதார நிலையத்துக்கு வந்தால் போதும்.

பெரிய ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. ராத்திரி நேரத்தில் அரசு நர்ஸ் அனுப்பும் இ.சி.ஜி.யைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்ல ஒரு ஆள். மாரடைப்பு என்று உறுதியானவரின் ஸ்ட்ரெச்சரை, பணம் ஏறும் வரை வராந்தாவில் நிறுத்தாமல் இருக்க ஒரு உத்தரவு. பில்லை விட்டுவிடச் சொல்லவில்லை, காலையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டில் கடன் வாங்கி ஓடிப்போகிறவன் குறைவு. ஓடினாலும் எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம் என்று விசாரித்து மாமன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட மாட்டீர்களா?

சுகாதாரத் துறையினருக்கும் ஒன்று. இந்த மடல் உங்கள் மேசைக்கும் வரும் என்று நினைக்கிறேன். ஒருவர் பேப்பர் ரோல் வாங்கித் தருகிறேன் என்று வந்தால் அவரை நான்கு கையெழுத்துக்கு அலையவிடாதீர்கள். நான் அலைந்தேன். ஒரு டஜன் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வாங்கி எந்த ரிஜிஸ்டரில் ஏற்றுவது என்று தெரியாமல் மூன்று வாரம். கடைசியில் அந்த நர்ஸ் அம்மணியே, "குடுங்க, நான் எழுதி வெச்சுக்கறேன்" என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு வைத்தார்.

போன வாரம் அய்யனுக்கு மாத்திரை வாங்கப் போனபோது ஒரு பழைய இ.சி.ஜி. தாளின் பின்பக்கத்தில் அந்த நர்ஸ் அம்மணி எழுதிக் கொடுத்த பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஏழு சாமான். கூட்டிப் பார்த்தேன், 9,400 ரூபாய் வருகிறது. இதில் எதற்கும் திறப்பு விழா வைக்க முடியாது.

இதைப் பற்றிக் கூட்டம் போட்டீர்களானால் சொல்லியனுப்புங்கள், பட்டியலோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வசதி. சனிக்கிழமை பட்டுவாடா இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதுகிறவன்
திருப்பூர்